அத்தியாயம் 7: சி ரூசா மண்ணில் அஸ்பாரகஸ்

அஸ்பாரகஸ் குளிர்நாட்டுக் காய், போர்ட்டிக்சன் சி ரூசா வெயிலில் அது எப்படி வரும் என்று கேட்பவர்கள் முதலில் பாசாரில் கிடக்கும் ஒரு கட்டை எடுத்துப் புரட்டிப் பார்க்கட்டும். ஒட்டியிருக்கும் தாளில் பெரும்பாலும் தாய்லாந்து என்றுதான் இருக்கும். அங்கே அது விளைவது நக்கோன் பாத்தோம், ராட்சபுரி, காஞ்சனாபுரி வட்டாரங்களில். காஞ்சனாபுரி நம்மவர்களுக்குப் புதிய பெயர் அல்ல. ஜப்பான்காரன் காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து ஆட்களை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போய் சயாம் ரயில் பாதை போட வைத்த இடம். அந்த வெயில் எப்படிப்பட்டது என்று திரும்பி வந்த சிலர் சொல்லக் கேட்ட குடும்பங்கள் இன்னும் நம்மிடையே உண்டு. அங்கே விளையும் காய் சி ரூசாவில் விளையாமல் போக வெயில் ஒரு காரணமே அல்ல.

பிறகு ஏன் நம் பக்கத்தில் யார் வீட்டுக் கொல்லையிலும் அதைக் காணோம்? கையில் கிடைக்கும் தோட்டக்கலைப் புத்தகங்கள்தான் காரணம் என்பது என் எண்ணம். அவை இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வசந்தத்தில் ஆறு முதல் எட்டு வாரம் வெட்டுங்கள், பிறகு வளர விடுங்கள், பனி விழுந்ததும் செடி தானே காய்ந்து உறங்கிவிடும் என்று சொல்லும். சி ரூசாவுக்கு வசந்தமும் இல்லை, பனியும் இல்லை. பகலில் 31, 32 டிகிரி, இரவில் 24 டிகிரி, ஆண்டு முழுதும் அதே கதை. அந்தப் புத்தகத்தை நம்பி நட்டவர் செடி எப்போது உறங்கும் என்று காத்திருக்கிறார். அது உறங்குவதே இல்லை. வருகிற குருத்தையெல்லாம் வெட்டிக்கொண்டே இருக்கிறார். ஓராண்டில் செடி செத்துப்போகிறது. இந்த ஊரில் அஸ்பாரகஸ் வளர்க்கும் கலை முழுதும், செடிக்கு இல்லாத ஓய்வை நாம் எப்படி உண்டாக்கிக் கொடுக்கிறோம் என்பதில் அடங்கியிருக்கிறது. இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் அதை மட்டும் மறக்க வேண்டாம்.

செடியின் குணம்

நாம் சாப்பிடுவது தண்டின் இளங்குருத்து. மண்ணுக்குள் படுக்கைவாட்டில் ஒரு வேர்த்தண்டு இருக்கும். அதிலிருந்து பென்சில் கனத்தில் சதைப்பிடிப்பான வேர்கள் நாலாபக்கமும் ஓடும். வேர்த்தண்டில் வரிசையாக மொட்டுகள். ஒவ்வொரு மொட்டும் விழித்து மேலே கிளம்பும்போது குருத்தாகிறது. வெட்டாமல் விட்டால் அந்தக் குருத்து நாலைந்து நாளில் இடுப்பு உயரம் தாண்டி, நுனி விரிந்து, மெல்லிய பச்சை இழைகளாகக் கிளைத்து ஆள் உயரத்துக்கு நிற்கும். பூக்கடைகளில் ரோஜாவோடு சேர்த்துக் கட்டும் பஞ்சு போன்ற பச்சை இலைக்கொத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

அந்தப் பச்சை இழைகள் உண்மையில் இலைகள் அல்ல, இலையின் வேலையைப் பார்க்கும் மெல்லிய கிளைகள். குருத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் முக்கோணச் செதில்கள்தான் இலை. இழைகள் வெயிலில் செய்யும் சர்க்கரை கீழே இறங்கி அந்தச் சதை வேர்களில் சேர்கிறது. அடுத்த குருத்து வருவது அந்தச் சேமிப்பை எடுத்துக்கொண்டுதான். அதனால் நீங்கள் வெட்டும் ஒவ்வொரு குருத்தும் வேரிலிருந்து எடுக்கும் செலவு. நிற்க விடும் ஒவ்வொரு தண்டும் வேருக்குப் போகும் வரவு.

பால் மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்ட வேண்டிய மரத்தை ஆசைப்பட்டுத் தினமும் வெட்டினால் முதல் சில வாரம் வாளி நிறையும். அப்புறம் பட்டை வறண்டு, கத்தி வைத்தாலும் பால் வராது. அஸ்பாரகஸும் அப்படியே. அதன் வறட்சி மண்ணுக்குள் நடப்பதால் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். குருத்து நாளுக்கு நாள் மெலிந்து, குச்சி போல ஆகிறதே என்று நீங்கள் கவனிக்கும்போது வேர் ஏற்கெனவே பாதி காலியாகியிருக்கும்.

இன்னொரு குணமும் தெரிந்திருக்க வேண்டும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியில் சிவப்பு மணிகள் போலப் பழம் பிடிக்கும். சத்தின் ஒரு பகுதி பழத்துக்குப் போய்விடுவதால் ஆண் செடியே அதிகக் குருத்து தரும். பழம் தின்னக் கூடாதது; வயிற்றைப் புரட்டும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் சிவந்ததும் கிள்ளி எறிந்துவிடுங்கள். அது கீழே விழுந்து முளைத்தால் பாத்தியே காடாகிவிடும் என்பதும் இன்னொரு காரணம்.

இடமும் மண்ணும்

சி ரூசாவில் இரண்டு வகை மண் உண்டு. கடற்கரைச் சாலையை ஒட்டிய வீடுகளில் மணல். உள்ளே சுவா பெத்தோங் பக்கம் போகப் போக லேட்டரைட் கல் கலந்த செம்மண். கடற்கரை வீட்டுக்காரர்கள் எங்கள் மணலில் கீரைகூட வராது என்று அலுத்துக்கொள்வார்கள். அஸ்பாரகஸுக்கு அந்த மணல்தான் நல்லது. தண்ணீர் தேங்காமல் இறங்கிவிடும், வேர் தடையின்றி ஓடும், வெள்ளைக் குருத்து வேண்டுமென்றால் மண் அணைப்பதும் எளிது. கடற்காற்றில் வரும் உப்பையும் மற்ற காய்கறிகளைவிட இந்தச் செடி நன்றாகத் தாங்கும். இதைக் கேட்டு, பாத்தியில் உப்புத் தூவினால் களை சாகும் என்ற பழைய மேல்நாட்டு வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டாம். அந்த மண்ணில் அடுத்து மிளகாயும் வராது, கத்தரியும் வராது.

செம்மண் வீட்டுக்காரர்களுக்கு வேலை அதிகம். நம் செம்மண் புளிப்பு மண். அஸ்பாரகஸ் விரும்புவது புளிப்பில்லாத மண்; பி.எச். அளவு 6.5க்கும் 7.5க்கும் இடையில் இருந்தால் நல்லது. அதனால் டோலமைட் சுண்ணாம்பு போட்டே ஆக வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 200 முதல் 400 கிராம் வரை தூவி, ஒரு முழ ஆழத்துக்குக் கொத்திக் கலந்து, மூன்று நான்கு வாரம் விடுங்கள். மணல் மண்ணுக்கு இதில் பாதி போதும். ஒரு சிறு பி.எச். பரிசோதனைப் பெட்டி வாங்கி வைத்துக்கொள்வது வீண் செலவல்ல.

எரு நிறைய வேண்டும். நன்றாக மக்கிய கோழி எருவோ மாட்டெருவோ, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு பெரிய வாளி. பச்சைக் கோழி எருவை நேராகக் கொண்டுவந்து கொட்டினால் வேர் வெந்துபோகும். ஈயும் மொய்க்கும், பக்கத்து வீட்டாரின் வருத்தமும் சேரும். செம்பனை ஆலையிலிருந்து வெறும் குலைச் சக்கை கிடைக்கும் வாய்ப்பிருந்தால் பாத்தியின் மேல் மூடாக்காகப் போடலாம். ஒரு சுற்றுக்கு மேல் அடுக்க வேண்டாம். குவியலாகக் கிடந்து மக்கும் சக்கையில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அது அடுத்து போய் ஏறுவது உங்கள் தென்னையில்.

வெயில் முழுதாக விழும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். ரம்புத்தான் நிழலிலும் தகரக் கூரை ஓரத்திலும் செடி உயிரோடு இருக்கும், குருத்து மட்டும் நூலாக வரும். ஒருமுறை நட்டால் ஐந்தாறு ஆண்டு அதே இடத்தில் நிற்கப் போகிறது என்பதால் இடத்தைப் பற்றி நன்றாக யோசித்த பிறகே மண்வெட்டியை எடுங்கள்.

விதை, நாற்று, நடவு

குளிர்நாட்டில் ஓராண்டு வளர்ந்த வேர்க்கட்டையை வாங்கி நடுவார்கள். அது இங்கே எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் வழியில் அழுகியிருக்கும். விதையிலிருந்து தொடங்குங்கள். ரகம் கேட்டு வாங்க வேண்டும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உருவான யூ.சி. 157 என்ற ரகம் வெப்ப நாடுகளில் பல இடங்களில் நிலைத்துவிட்டது. பெரு நாட்டின் பாலைவனப் பண்ணைகளிலும் அதுவே பரவியது. தாய்லாந்தில் புரோக்ஸ் இம்ப்ரூவ்டு என்ற ரகத்தையும் விதைக்கிறார்கள். மேரி வாஷிங்டன் பழைய அமெரிக்க ரகம். துரு நோயைத் தாங்கட்டும் என்று சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் உருவாக்கியது. விதை மலிவு, எங்கும் கிடைக்கும். நம் வெப்பத்தில் அதன் நுனி சீக்கிரம் விரிந்துவிடுவதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

விதை கறுப்பாக, கடினமான தோலோடு இருக்கும். ஒரு பகல் ஓர் இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, இடையில் தண்ணீரை மாற்றிவிட்டு, மணலும் மக்கிய எருவும் சமமாகக் கலந்த சிறு பாலிபேக்கில் ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். ரப்பர் நாற்று மேடையிலோ செம்பனை நாற்று மேடையிலோ வேலை பார்த்த அம்மாக்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பொறுப்பை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு ஈரம், எப்போது நிழலைக் குறைப்பது, எந்த நாற்றைக் கழிப்பது என்று கை பார்த்தே சொல்வார்கள்.

மூன்று நான்கு மாதத்தில் நாற்று முழ உயரமாகி, அடியில் மூன்று நான்கு தண்டு கிளம்பியிருக்கும். அப்போது நடலாம். பாத்தியை ஒரு மீட்டர் அகலத்தில், சுற்றியுள்ள தரையைவிட ஒரு சாண் உயர்த்திப் போடுங்கள். செம்மண்ணில் ஒரு முழம் உயர்த்தினாலும் தப்பில்லை. பாத்திக்கு ஒரே வரிசை. செடிக்குச் செடி அரை மீட்டர், வரிசைக்கு வரிசை ஒன்றரை மீட்டர். நெருக்கமாக நட்டால் முதலாண்டு அழகாக இருக்கும். இரண்டாம் ஆண்டு காற்றுப் புகாமல் நோய் பிடிக்கும். வேர்த்தண்டு மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் இருக்கும்படி குழி எடுத்து, முதலில் மூன்று விரல் கனத்துக்கு மட்டும் மண் மூடி, செடி உயர உயரக் குழியை நிரப்பி வாருங்கள்.

மாதம் ஒருமுறை 15:15:15 உரம், ஒரு செடிக்கு ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, செடி பருக்கப் பருக்க இரண்டு தேக்கரண்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எரு. மணலில் நட்டவர்கள் மழை இல்லாத நாட்களில் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். களையைக் கையால் பிடுங்குங்கள். மண்வெட்டியால் ஆழமாகக் கொத்தினால் மேலாக ஓடும் வேர்கள் அறுபடும்.

முதல் ஏழெட்டு மாதம் ஒரு குருத்தைக்கூட வெட்டக் கூடாது. கையடக்கமாக, பளபளவென்று குருத்து வந்து நிற்கும். பாசாரில் விலை கொடுத்து வாங்கும் அதே காய் கண்ணெதிரே நிற்கும்போது மனம் கேட்காது. ஆனாலும் விடுங்கள். அந்த மாதங்களில் நிற்கும் தண்டுகள்தான் அடுத்த ஐந்தாண்டுக்கு முதல் போடுகின்றன.

தாய்த்தண்டு முறை

பனி இல்லாத நாட்டில் செடிக்கு ஓய்வு கொடுக்கும் வழியைத் தைவான்காரர்கள் கண்டார்கள். 1960களிலும் 1970களிலும் டின்னில் அடைத்த வெள்ளை அஸ்பாரகஸை உலகுக்கே ஏற்றுமதி செய்த நாடு அது. எல்லாக் குருத்தையும் வெட்டுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு செடியிலும் நான்கைந்து நல்ல தண்டுகளை வெட்டாமல் முழுதாக வளர விட்டார்கள். இவைதான் தாய்த்தண்டுகள். இவை வெயிலில் சர்க்கரை செய்து வேருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சர்க்கரையில் கிளம்பும் புதுக் குருத்துகளை மட்டும் வெட்டி எடுக்கலாம். வரவும் செலவும் ஒரே நேரத்தில் நடக்கும். தாய்லாந்து விவசாயிகள் செய்வதும் இதுவே. நாமும் இதைத்தான் செய்ய வேண்டும். சி ரூசாவுக்கு வேறு முறை ஒத்துவராது.

தாயாக விடும் தண்டைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். சுண்டுவிரலுக்குக் குறையாத கனம், நேரான வளர்ச்சி, அடியில் புள்ளியோ காயமோ இல்லாத தோல். நான்கும் ஒரே இடத்தில் கொத்தாக நிற்கக் கூடாது. செடியைச் சுற்றி இடம்விட்டு நிற்கும்படி பாருங்கள். ஆள் இடுப்புக்குச் சற்று மேல், ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் மாலை நேரக் கடற்காற்றில் சாய்ந்து முறியும். பாத்தியின் இரு முனையிலும் கம்பு நட்டு, இரண்டு பக்கமும் நைலான் கயிறு கட்டி, தண்டுகள் கயிறுகளுக்கு இடையில் நிற்கும்படி செய்யலாம். அடியிலிருந்து ஒரு முழம் வரையுள்ள பக்கக் கிளைகளை அகற்றிவிட்டால் காற்று ஓடும், மழைத்துளி தெறித்து இழைகளில் படுவது குறையும், குருத்தும் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு மாதம் முதல் இரண்டரை மாதம் வரை தினமும் வெட்டலாம். பிறகு நிறுத்திவிடுங்கள். பழைய தாய்த்தண்டுகள் அதற்குள் மஞ்சளாகி இழை கொட்டத் தொடங்கியிருக்கும். அவற்றை அடியோடு வெட்டி அப்புறப்படுத்தி, எருப் போட்டு, மண் அணைத்து, புதிதாக வரும் நான்கைந்து தண்டுகளைத் தாயாக வளர விடுங்கள். அவை முழுதாக விரிந்து கரும்பச்சையாக ஒரு மாதமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். அந்த மாதம் கத்தியைத் தொடக் கூடாது. அதன் பிறகு அடுத்த வெட்டு. இப்படி ஆண்டுக்கு மூன்று சுற்று வரும்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு நாட்காட்டியைவிடச் செடியே நல்ல சாட்சி. வருகிற குருத்துகளில் பாதிக்கு மேல் பென்சிலைவிட மெலிந்துவிட்டால், இரண்டு மாதம் முடியாவிட்டாலும் அன்றே நிறுத்துங்கள். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமே என்று நினைத்த இடத்தில்தான் நிறைய பாத்திகள் அழிந்திருக்கின்றன.

ஓய்வு மாதத்தை மழை பார்த்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். நம் பக்கத்தில் ஏப்ரலை ஒட்டியும், அக்டோபர் நவம்பரிலும் மழை கூடும். ஜனவரி பிப்ரவரியும் ஜூன் ஜூலையும் ஒப்பளவில் காய்ந்த மாதங்கள். புதுத் தாய்த்தண்டு இளசாக இருக்கும்போது அடைமழை பிடித்தால் நோய் உறுதி. ஆகவே, தாயை மாற்றும் வேலையைக் காய்ந்த மாதங்களில் முடித்துக்கொண்டு, முதிர்ந்த தண்டுகளோடு மழைக்குள் நுழையுங்கள்.

மழையும் நோயும்

இந்தப் பயிருக்கு நம் ஊரில் பெரிய எதிரி தண்டுக் கருகல். போமோப்சிஸ் என்ற பூஞ்சை இதற்குக் காரணம். சீனா, ஜப்பான், தாய்லாந்து என்று மழை மிகுந்த ஆசிய நாடுகள் எல்லாவற்றிலும் இதுவே முதல் தொல்லை. தண்டின் அடிப்பகுதியில் நீள்வட்டமாகப் பழுப்புப் புள்ளி விழும், நடுப்பகுதி சாம்பல் நிறமாகி, அதில் மிளகுப்பொடி தூவியதுபோல் கறுப்பு முனைகள் தெரியும். அந்த முனைகளிலிருந்து விதைத்தூள் மழைத்துளியோடு தெறித்து அடுத்த தண்டில் ஒட்டும். ஒரு வாரம் விடாத மழை போதும், பாத்தி முழுதும் வைக்கோலாகிவிடும்.

மருந்தைவிடக் கூரை நல்லது. ஜப்பானிலும் தைவானிலும் பிளாஸ்டிக் கூரையின் கீழ் வளர்ப்பது இதற்காகத்தான். பத்து இருபது செடி வைத்திருப்பவர் நாலு கம்பு நட்டு, தெளிவான பிளாஸ்டிக் தாளைக் கூரையாக இழுத்துக் கட்டினால் நோயில் பெரும்பகுதி போய்விடும். பக்கங்களைத் திறந்தே விடுங்கள். தண்ணீரை மேலிருந்து பீய்ச்சாமல் அடியில் ஊற்றுங்கள். புள்ளி விழுந்த தண்டைக் கண்ட அன்றே அடியோடு வெட்டிப் பாத்தியை விட்டு வெளியே கொண்டுபோய்விடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால் வெட்டு நிறுத்திய ஓய்வு மாதத்தில் மட்டும் அடியுங்கள். தினமும் வெட்டித் தின்னும் காயில், மருந்து அடித்து இத்தனை நாள் கழித்து அறுவடை என்ற விதியைக் கடைப்பிடிக்க வழியே இல்லை.

வேரழுகல் வந்த செடிக்கு மருந்தில்லை. தோண்டி எறியுங்கள். அந்தக் குழியில் மீண்டும் அஸ்பாரகஸ் நடாதீர்கள். பூஞ்சை மண்ணில் தங்கியிருக்கும், பழைய வேர்கள் விட்டுச்செல்லும் பொருள்களும் புது அஸ்பாரகஸை வளர விடாது. பாத்தி முழுதும் வயதாகி ஓய்ந்த பிறகும் இதே விதிதான், வேறு இடம் பாருங்கள்.

பச்சைப்புழு இழைகளையும் குருத்து நுனியையும் தின்னும். காலையில் கையால் பொறுக்குங்கள், மிஞ்சினால் பேசில்லஸ் துரிஞ்ஜென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து போதும். இலைப்பேன் காய்ந்த மாதங்களில் வரும். குருத்து வளைந்து வருவது அதன் அடையாளம்.

வெட்டுவது

காலையில், வெயில் ஏறுவதற்கு முன். ஏறக்குறைய ஒரு சாண் நீளம், 20 முதல் 25 சென்டிமீட்டர், நுனி இறுக மூடியிருக்க வேண்டும். நம் வெப்பத்தில் குருத்து ஒரு நாளில் ஒரு சாண்கூட வளரும். காலையில் சின்னதாக இருக்கிறதே என்று விட்டது மாலையில் நுனி விரிந்து நிற்கும். விரிந்துவிட்டால் நார் ஏறிவிட்டது என்று பொருள். அதனால் வெட்டுக் காலத்தில் காலை, மாலை இரண்டு வேளையும் பாத்தியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். அடியில் பிடித்து மெல்லத் திருகி இழுத்தாலே வந்துவிடும். கத்தி வைத்தால் பக்கத்து மொட்டை அறுத்துவிடாமல் மண்மட்டத்தில் வெட்டுங்கள்.

வெள்ளை அஸ்பாரகஸ் தனிச் செடி அல்ல. இதே செடியில் மண்ணைக் குவித்து, வெளிச்சம் படாமல் வளர்த்த குருத்து அது. ஜெர்மனியில் ஜூன் 24ஆம் தேதியோடு அதன் வெட்டை நிறுத்திவிடும் வழக்கம் உண்டு. வேருக்கு ஓய்வு வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் வெள்ளைக்கு ஆசைப்பட வேண்டாம் என்பேன். வேலை இரட்டிப்பு, ருசியோ மெல்லியது, நம் குழம்பிலும் பிரட்டலிலும் அது தெரியவே தெரியாது.

வெட்டிய காய் வெளியில் கிடந்தால் சில மணி நேரத்திலேயே இனிப்புக் குறைந்து நார் ஏறும். உடனே கழுவி, அடிநுனி தண்ணீரில் நிற்கும்படி ஒரு குவளையில் நிறுத்தி, பிளாஸ்டிக் பையால் தளர்வாக மூடி, குளிர்பெட்டியில் வையுங்கள். பாசாரில் வாங்குபவர்களுக்கும் ஒரு குறிப்பு: நுனி மூடியிருக்கிறதா, வெட்டிய அடி ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். கனமான குருத்து முற்றல் என்று நினைப்பது தவறு. கனம் நல்ல வேரின் அடையாளம். மெலிந்ததில்தான் தோலும் நாரும் அதிகம்.

அடுப்பங்கரையில்

அடிப்பகுதியை இரு கையால் வளைத்தால் நார் தொடங்கும் இடத்தில் தானே ஒடியும். ஒடிந்த அடியை எறியாமல் தோல் சீவிப் பொடியாக நறுக்கிப் பருப்போடு வேகவைக்கலாம்.

நம் சமையலில் இதை வீணாக்கும் ஒரே வழி அதிகமாக வேகவைப்பது. முருங்கைக்காய் போல நினைத்துச் சாம்பார் கொதிக்கும்போதே போட்டால் குழைந்து, பச்சை நிறம் போய், புல் வாடை வரும். சாம்பாரை இறக்க மூன்று நிமிடம் இருக்கும்போது போடுங்கள். பொரியலுக்கு, கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம் தாளித்து, விரல் நீளத்துக்கு நறுக்கிய அஸ்பாரகஸைப் போட்டு, உப்புத் தூவி, தண்ணீர் ஊற்றாமல் நாலு நிமிடம் புரட்டி, தேங்காய்ப்பூ சேர்த்து இறக்குங்கள். பாசிப்பருப்புக் கூட்டுக்கும் இது அருமையாக ஒத்துப்போகும். பருப்புத் தனியே வெந்த பிறகுதான் காய் சேர வேண்டும்.

கடலோரக்காரர்களுக்கு இறால் பெலாச்சான் பிரட்டல்தான் இதற்கு ஏற்றது. காய்ந்த மிளகாய், வெங்காயம், பூண்டு, சுட்ட பெலாச்சான் ஒரு துண்டு, எல்லாவற்றையும் இடித்து எண்ணெயில் மணம் வரும்வரை வதக்குங்கள். இறால் போட்டுச் சிவந்ததும் அஸ்பாரகஸ், அடுப்பைக் கூட்டி வைத்து இரண்டு நிமிடம். காங்கோங் பிரட்டத் தெரிந்த கைக்கு இது புதிதல்ல. பெலாச்சானில் உப்பு இருப்பதால் தனியே உப்பு வேண்டாம்.

சத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: நூறு கிராமில் ஏறக்குறைய 93 கிராம் தண்ணீர், 20 கலோரி, மாவுச்சத்து 4 கிராமுக்கும் குறைவு. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் சமூகத்துக்கு இது முக்கியமான செய்தி. கருவுற்ற பெண்களுக்குத் தேவையான போலேட் இதில் நன்றாகவே உண்டு. யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது என்று ஒரு பேச்சு நம்மிடையே உலவுகிறது. 2004இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வு, மாமிசமும் கடல் உணவும் மூட்டுவாதத்தைக் கூட்டுகின்றன, பியூரின் உள்ள காய்கறிகள் கூட்டவில்லை என்று காட்டியது. அப்படிப் பார்த்தால் மேலே சொன்ன பிரட்டலில் ஒதுக்க வேண்டியது இறாலை. வார்பரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் வைட்டமின் கே காரணமாக மருத்துவரிடம் கேட்டுவிட்டு, ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். சாப்பிட்டபின் சிறுநீரில் ஒரு வாடை வரும். பயப்பட ஒன்றுமில்லை, இந்தக் காயிலுள்ள கந்தகப் பொருள் உடைவதால் வருவது.

உறவும் அயலும்

தண்ணீர்விட்டான் கிழங்கு இதே இனம். தமிழ்நாட்டில் சதாவரி என்றும், யாழ்ப்பாணத்தார் சாத்தாவாரி என்றும் சொல்வார்கள். முள்ளோடு கொடியாகப் படரும், கிழங்கு கொத்தாக இறங்கும். பால் சுரப்புக்கும் உடல் தேற்றவும் சித்த வைத்தியர்கள் கொடுப்பது அதன் கிழங்கு. வேலியோரம் ஒன்று வைத்துக்கொள்ளலாம், நம் மண்ணில் பராமரிப்பே வேண்டாம். பாத்தியில் நிற்கும் காய்கறி அஸ்பாரகஸைத் தோண்டி அந்த மருந்துக்கு மாற்றாகப் பயன்படுத்தக் கூடாது. பால்கனிகளில் தொங்கும் அலங்கார அஸ்பாரகஸ் வகைகளும் சாப்பிட அல்ல.

இத்தனை வேலையும் ஆகாது, இளங்குருத்து மட்டும் வேண்டும் என்பவர்கள் செக்கூர் மானிஸ் வைக்கலாம். தமிழ்நாட்டில் தவசிக்கீரை என்பார்கள். சபாவில் அதன் குருத்தை அஸ்பாரகஸ் போலவே விற்கிறார்கள். குச்சி ஒடித்து நட்டால் வரும், நிழலிலும் வரும். சமைத்துத்தான் சாப்பிட வேண்டும். 1990களின் நடுவில் தைவானில் உடல் இளைக்க அதைப் பச்சையாக அரைத்து நிறையக் குடித்தவர்களின் நுரையீரல் மீளமுடியாதபடி கெட்டது.

முதல் முறை அஸ்பாரகஸ் வைப்பவர்கள் பத்துச் செடிக்கு மேல் போக வேண்டாம். செடி தேறியபின் வெட்டுக் காலத்தில் வாரம் ஒரு பொரியலுக்கு அது போதும். கூரை போடவும் கைக்கு அடங்கும். பிப்ரவரியில் விதையை ஊறவையுங்கள். மே கடைசியிலோ ஜூனிலோ நாற்றைப் பாத்திக்கு மாற்றுங்கள். அக்டோபர் மழை வருவதற்குள் பிளாஸ்டிக் கூரையைக் கட்டிவிடுங்கள். அடுத்த பிப்ரவரியில் முதல் குருத்தை வெட்டலாம்.